கடலுக்குப் போய்த் திரும்பும் பலூன்

சென்னை மீனம்பாக்கத்தில் உள்ள வானிலை நிலையத்திலிருந்து தினமும் ஒரு பெரிய பலூன் வானத்துக்குக் கிளம்புகிறது. விமானத்தைப் பார்க்க அண்ணாந்தவர்கள்கூட அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நம் நேரத்துக்குக் காலை 5:30, மாலை 5:30 ஆகிய இரண்டு வேளைகளையும் ஒட்டி உலகெங்கும் பல நூறு நிலையங்கள் இப்படிப் பலூன் விடுகின்றன. பூமி முழுவதற்குமான வானத்தை ஒரே நேரத்தில் அளக்கும் ஏற்பாடு இது.

பலூனின் அடியில் தொங்குவது ரேடியோசோண்ட். வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அளந்து, ரேடியோ அலை வழியே நொடிக்கு நொடி கீழே சொல்லிக்கொண்டே போகும் சின்னஞ்சிறு கருவி. காற்றை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். பலூனைக் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்று பார்த்தாலே போதும்.

ஜூலை மாதத்துப் பலூன் ஒன்றைப் பின்தொடர்வோம். நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம் என்பதால் முதலில் கிழக்கே, வங்கக் கடல் பக்கமாக நகர்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 6 டிகிரி குளிர்கிறது. நகரம் வியர்த்துக்கொண்டிருக்க, 5 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. கிளம்பி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் வளிமண்டலத்தின் மொத்த எடையில் பாதி பலூனுக்குக் கீழே போய்விட்டது.

இன்னும் சில கிலோமீட்டர் ஏறியதும் ஒரு வேடிக்கை. பலூன் தயங்குகிறது, பிறகு திரும்பி மேற்கே, கரையை நோக்கி ஓடத் தொடங்குகிறது. சுமார் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் அதைத் தள்ளும் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். கீழே நாம் மேல்காற்று என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே கீழ்க்காற்று பேய்வேகத்தில் அடிக்கிறது. இதுதான் கீழை ஜெட் காற்றோட்டம். ஜெட் என்றால் உயரத்தில் குறுகலாகவும் மிக வேகமாகவும் ஓடும் காற்று. இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958-இல் இதை விளக்கி எழுதினார்.

காரணம் திபெத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்தப் பீடபூமி, கோடை வெயிலில் உச்சிவானத்துக் காற்றை நேரடியாகச் சூடாக்குகிறது. நிலநடுக்கோட்டைவிட வடக்கே வானம் சூடாகிவிடுகிறது. அங்கிருந்து மேல்மட்டத்தில் தெற்கே பாயும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கமாகத் திருப்ப, அது மேற்கு நோக்கி ஓடுகிறது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகஸ்ட் மாலைகளில் வேலூர்ப் பக்கமிருந்து இடிமேகம் சென்னையை நோக்கி வரும் நாளில் அதன் உச்சியைக் கவனியுங்கள். மேகம் கிழக்கே வரும். அதன் தலை மட்டும் மேற்கே இழுபட்டுக் கிடக்கும்.

அந்த மேகத்துக்கு அவ்வளவு உயரம் ஏற எங்கிருந்து சக்தி? ஈரத்திலிருந்துதான். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவி குளிர்ந்து துளியாகும்போது, 1 கிலோவாட் மின் அடுப்பை 40 நிமிடம் ஓடவிட்டால் கிடைக்கும் அளவு வெப்பம் வெளியாகிறது. உள்ளுறை வெப்பம் என்று இதற்குப் பெயர். கடலை ஆவியாக்கிய வெயிலிலிருந்து நீராவிக்குள் ஒளிந்து வந்த வெப்பம் இது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் தரைக்கு வருவது 1 கோடி லிட்டர். பெருக்கிப் பாருங்கள். மழை என்பது தண்ணீர் விழுவது மட்டுமல்ல, அடுப்பு மூட்டுவதும்தான்.

சுமார் 17 கிலோமீட்டரில் பலூன் மைனஸ் 80 டிகிரிக் குளிரைத் தொடுகிறது. இந்த உயரம் மீனம்பாக்கத்திலிருந்து பாரிமுனை வரையான தூரம்தான். மழை, புயல், இடி எல்லாம் ஏறக்குறைய இந்தத் தூரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. துருவங்களில் மழையும் இடியும் நிகழும் இந்தக் கீழடுக்கு 8, 9 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். அதனால் அங்கு குளிர அவ்வளவு இடமில்லை. ஜூலையில் அந்த உயரத்தில் வட துருவத்து வானத்தைவிட நம் வானமே குளிர்ந்தது! இந்தக் குளிர் நமக்குப் பெரிய காவலும்கூட. மேலேறும் நீராவி இங்கே உறைந்துவிடுவதால், இதைக் கடந்து போகும் ஈரம் மிகமிகச் சொற்பம். இப்படி ஒரு தடை இல்லாவிட்டால், உயரே போகும் நீராவியைப் புறஊதாக் கதிர் பிளந்து, அதிலுள்ள ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பி, கடல்கள் மெல்ல மெல்ல வற்றியிருக்கும்.

அதற்கு மேலே வெப்பம் மறுபடி ஏறுகிறது. பிரெஞ்சுக்காரர் தெய்செரென் த போர் பாரிஸ் அருகே 200-க்கும் மேற்பட்ட பலூன்களை விட்டு, ஓர் உயரத்துக்கு மேல் குளிர்வது நின்றுவிடுகிறது என்று 1902-இல் அறிவித்தார். கருவிமேல் வெயில் பட்டுத்தான் இப்படிக் காட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டுப் பல பலூன்களை இரவில் விட்டுப் பார்த்தவர் அவர். விஞ்ஞானிக்கு அழகு அதுதான். வெப்பம் ஏறக் காரணம் ஓசோன்: சூரியனின் புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. மேலே போகப் போக வெப்பம் கூடும் இந்த அடுக்குக்கு மீள்அடுக்கு என்று பெயர். கனமான குளிர்க்காற்று கீழேயும் லேசான சூட்டுக்காற்று மேலேயும் இருப்பதால் இங்கே காற்று மேலும் கீழும் அதிகம் கலப்பதில்லை. இடிமேகங்களின் தலை தட்டையாகப் போவது இதன் அடியில் முட்டித்தான்.

சுமார் 30 கிலோமீட்டரில் பலூனுக்குக் கீழே காற்றின் 98 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. வெளியழுத்தம் குறையக் குறைய ஊதி, தரையில் 2 மீட்டர் அகலம் இருந்தது இப்போது இரண்டு மாடி வீட்டின் உயரத்துக்கு வீங்கிவிட்டது. ரப்பர் இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் வெடிக்கிறது. ஏறியது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் அது அனுப்பிய எண்கள் வானிலைக் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்து, நாளைய முன்னறிவிப்பின் கணக்கில் கலந்துவிட்டன.

கருவி எங்காவது வயலிலோ மொட்டை மாடியிலோ விழும். சில ஊர்களில் மர்மப் பொருள் என்று கூட்டம் கூடி, போலீஸ் வருவதும் உண்டு. கிழிந்த ரப்பரும் நூலில் கட்டிய சிறு பெட்டியும் உங்கள் தோட்டத்தில் கிடந்தால் பயப்படாதீர்கள். உள்ளே பேட்டரி இருக்கும். குழந்தைகள் கையில் மட்டும் விளையாடக் கொடுக்க வேண்டாம்.