தோளின் வீச்சு, இடுப்பின் பிடி

வலது கையைத் தூக்கி இடது காதைத் தொடலாம். அதே கையால் முதுகின் நடுப்பகுதியைச் சொறியலாம். அடுத்த நொடியே பரணில் இருக்கும் அண்டாவை எட்டிப் பிடிக்கலாம். இத்தனை திசைகளில் திரும்பக்கூடிய பெரிய மூட்டு உடம்பில் தோள்பட்டையைத் தவிர வேறு கிடையாது. பள்ளிப் பாடநூல் தோளையும் இடுப்பையும் ஒரே வரியில் ‘பந்துக்கிண்ண மூட்டு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். தவறில்லை. ஆனால் இந்த இரண்டு மூட்டுகளும் எதை விட்டுக்கொடுத்து எதைப் பெற்றன என்பதைக் கவனித்தால்தான் நம் கைகால் வலிகள் பலவற்றின் காரணம் புரியும்.

வளர்ந்த மனிதரின் 206 எலும்புகளில் 126 கைகால்களைச் சேர்ந்தவை. ஒவ்வொரு கையிலும் தோள்வளையம் உட்பட 32, ஒவ்வொரு காலிலும் இடுப்பெலும்பு உட்பட 31. ஏறக்குறைய ஒரே கணக்கு, ஒரே வரிசை: மேலே ஒற்றை எலும்பு, கீழே இரட்டை எலும்பு, அப்புறம் சின்னச் சின்ன எலும்புக் கூட்டம், கடைசியில் விரல்கள். வேறுபாடு பெரிதாகத் தெரிவது, அவை உடலோடு சேரும் இடத்தில்தான்.

முழுக் கையும் நடு உடம்போடு எலும்புக்கு எலும்பாகச் சேர்வது ஒரே ஓர் இடத்தில்: கழுத்துக்குக் கீழே, காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் மூட்டில். தோள்பட்டை எலும்பு விலாவோடு மூட்டாகச் சேரவே இல்லை. தசைகளுக்கு நடுவே மிதந்தபடி விலாக்கூட்டின்மேல் வழுக்கிக்கொண்டிருக்கிறது. கையைப் பக்கவாட்டில் தலைக்குமேல் தூக்கும்போது ஏற்படும் 180 பாகைத் திருப்பத்தில் ஏறத்தாழ 120 பாகைதான் தோள்மூட்டில் நடக்கிறது. மீதி 60 இந்த வழுக்கலால் கிடைப்பது. யாரையாவது கை தூக்கச் சொல்லி, அவர் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முக்கோண எலும்பு சுழன்று நகர்வது தெளிவாகத் தெரியும்.

மாடு, ஆடு, குதிரை இவற்றுக்குக் காறை எலும்பே கிடையாது. முன்னங்கால் முன்னும் பின்னும் வீசினால் போதும் என்பதால் தசைத் தொட்டிலே அவற்றுக்குப் போதுமானது. கிளை பற்றி ஏறும் குரங்குக்கும் நமக்கும் அந்த எலும்பு வேண்டும், கையை மார்பிலிருந்து தள்ளிப் பிடித்து வைக்க. கருவில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவது இதுதான். முழுதாக முடிவதோ இருபது வயதைத் தாண்டித்தான். பைக்கிலிருந்து விழுந்து தோள் தரையில் மோதும்போது முதலில் முறிவதும் பெரும்பாலும் இதுதான். கையிலிருந்து உடலுக்குப் போகும் அதிர்ச்சிக்கு வேறு எலும்புப் பாதை இல்லை.

சரி, மூட்டுக்கு வருவோம். தோளின் கிண்ணத்தைக் கிண்ணம் என்பதே அதிகம். ஒரு சின்னத் தட்டில் தேங்காயை வைத்ததுபோல் இருக்கும். பந்தின் மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த நேரத்திலும் அது தொடுவதில்லை. விளிம்பைச் சுற்றிய குருத்துவளையம் கொஞ்சம் ஆழம் கொடுக்கிறது. மற்றபடி பந்தை இடத்தில் இருத்துவது அதைச் சூழ்ந்த நான்கு தசைகளும் அவற்றின் நாண்களும்தான். ஆகவே உடலின் பெரிய மூட்டுகளில் அதிகம் விலகுவது தோள், அதுவும் பெரும்பாலும் முன்பக்கமாக. சின்ன வயதில் ஒருமுறை விலகினால் மறுபடியும் விலகும் வாய்ப்பு மிக அதிகம். விலகிய தோளைப் பக்கத்தில் நிற்பவர் இழுத்துப் போட முயல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த மூட்டை ஒட்டியே ஒரு முக்கிய நரம்பு ஓடுகிறது. கூடவே எலும்பு முறிந்திருக்கிறதா என்பது எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது.

வீச்சு வேண்டுமென்றால் மூட்டைச் சுற்றிய உறையும் தளர்வாக இருக்க வேண்டும். அந்த உறை தடித்துச் சுருங்கினால் வருவதுதான் தோள் இறுக்கம், ‘ஃப்ரோசன் ஷோல்டர்’. தலை சீவ முடியாது, முதுகு தேய்க்க முடியாது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம். நம் வீடுகளில் சர்க்கரை எவ்வளவு பரவியிருக்கிறது என்று நினைத்தால் இதைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும்.

இடுப்பு வேறு வகை. அங்கே கிண்ணம் உண்மையிலேயே ஆழமானது. மூன்று எலும்புகள் கூடி அதை உருவாக்குகின்றன; குழந்தைகளுக்கு அந்தச் சந்திப்பில் மூன்று கிளைக் குருத்தெலும்பு இருக்கும், பதின்பருவத்தில்தான் அது எலும்பாகி ஒட்டும். தொடை எலும்பின் பந்து அதற்குள் ஆழமாகப் பொதிந்திருக்கிறது. முன்பக்கம் அதை மூடும் பிணைநார்தான் உடலிலேயே வலுவானது. நாம் நிமிர்ந்து நிற்கும்போது அது முறுக்கேறி இறுகிக்கொள்கிறது. அதனால்தான் அதிகத் தசைச் செலவில்லாமல் வரிசையில் வெகுநேரம் நிற்க முடிகிறது.

1836இல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இறந்த உடலில் இடுப்பைச் சுற்றிய தசைகளையும் உறையையும் அறுத்தார்கள். கால் கீழே விழவில்லை. இடுப்பெலும்பின் உட்புறமிருந்து கிண்ணத்தில் துளை போட்டுக் காற்றை உள்ளே விட்டதும் விழுந்தது. கச்சிதமாகப் பொருந்திய பந்தைக் காற்றழுத்தமும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்திருக்கிறது.

இந்தப் பிடி எதற்கு? பளுவுக்கு. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் எடை மூட்டுக்கு உட்புறமாகத் தள்ளி விழுகிறது. இடுப்பு அந்தப் பக்கம் சாயாமல் இருக்க, வெளிப்புறத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தத் தசையோ மூட்டுக்கு மிக அருகில் இருப்பதால் எடையைவிட இருமடங்கு விசையில் இழுத்தாக வேண்டும். எடையும் இழுப்பும் சேர்ந்து மூட்டில் இறங்கும் பளு உடல் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு ஆகிறது. 60 கிலோ உள்ளவர் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் 150 கிலோவுக்கு மேல்.

தொடை எலும்பு இதை எப்படித் தாங்குகிறது என்பதற்கு ஸூரிக்கில் 1866இல் நடந்தது நல்ல விளக்கம். உடற்கூறியலாளர் மேயர், பிளந்த தொடை எலும்பின் தலைக்குள் மெல்லிய எலும்பு இழைகள் வளைந்து ஓடுவதைக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் குல்மன் அந்தக் கோடுகளை அடையாளம் கண்டுகொண்டார்: வளைந்த பளுதூக்கி ஒன்றில் விசை பாயும் பாதைகளாக அவர் வரைந்தவை. பளு வரும் திசையை ஒட்டி எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று 1892இல் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் எழுதினார். பளு நின்றால் இது தலைகீழாகும். விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் அடர்த்தி இழக்கிறது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் எலும்பு கரைவது இதே காரணத்தால்தான்.

தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் இன்னொரு சிக்கல். பந்துக்குப் போகும் ரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டியே ஏறுகிறது. அது அறுந்தால் பந்து பட்டுப்போகலாம். வயதானவர்களுக்கு உடைந்ததை ஒட்டவைக்காமல் பல நேரம் பந்தையே மாற்றுவது இதனால்தான்.

செயற்கை இடுப்பு மூட்டுக்கு, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து பாழானது. 1962இல் கடினமான பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைய இடுப்பு மூட்டுமாற்று அங்கிருந்து வந்ததுதான். உராய்வு குறைய அவர் தேர்ந்தது 22 மில்லிமீட்டர் பந்து. இயற்கைப் பந்து அதைப்போல் இருமடங்குக்கும் மேல். சின்னப் பந்து எளிதாக வெளியேறும் என்பதால், தோளின் பலவீனம் இடுப்புக்கும் வந்துவிட்டது. சம்மணமிடாதீர்கள், குத்தவைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அங்கிருந்து வந்தது. இப்போது 32, 36 மில்லிமீட்டர் பந்துகள் வழக்கமாகிவிட்டதால் அந்தப் பயம் குறைந்திருக்கிறது. ஆனாலும் அவரவர் மருத்துவர் சொல்வதே கணக்கு.

இடுப்பு வலியோடு ஊன்றுகோல் எடுப்பவர்கள் பலர் அதை வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். வலது இடுப்பு வலித்தால் கோல் இடது கையில் இருக்க வேண்டும். வலது காலில் நிற்கும் நேரத்தில் இடது கை தரையைத் தள்ளுவது, மூட்டிலிருந்து வெகு தூரத்தில் இருந்து தள்ளுவதாகும். கொஞ்சம் அழுத்தினாலே அந்த வெளிப்புறத் தசையின் வேலை பெருமளவு குறைந்துவிடும், மூட்டின் பளுவும் கூடவே இறங்கும். கோலின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மட்டத்துக்கு இருந்தால் சரி.