தாய்ப்பாலும் வேணும், சொட்டு மருந்தும் வேணும்



"ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் போதும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப டி சொட்டு மருந்தும் குடுக்கணும்னா எப்படி?" நாயுடுபுரம் தாய்மார்கள் கேட்பது நியாயமான கேள்விதான். பதிலைத் தெரிந்துகொள்வோம்.

வைட்டமின் டி என்ன செய்கிறது?

சாப்பாட்டில், பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தை (கால்சியம்) எலும்பில் சேர்க்க வைட்டமின் டி வேண்டும். அது குறைந்தால் குழந்தையின் எலும்பு மிருதுவாகி வளையும். இதற்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். பிறந்த குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் தேவை. ஆனால் ஒரு லிட்டர் தாய்ப்பாலில்கூட பெரும்பாலும் 80 யூனிட்டுக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. இது தாய்ப்பாலின் குறை அல்ல. இந்தச் சத்தைத் தோலில் வெயில் பட்டு உடம்பே தயாரிக்க வேண்டும். அதனால் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

நம்ம மலையில் என்ன சிக்கல்?

சூரியனை ஆராய 1899-ல் வானாய்வகம் அமைத்த ஊர் நம் கொடைக்கானல். ஆனாலும் மூடுபனி, மழை, குளிர் என்று குழந்தையை ஸ்வெட்டர், குல்லாவில் சுற்றி வீட்டுக்குள்ளேயே வைக்கிறோம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கதகதப்பு தரும். வைட்டமின் டி தராது. நம் நிழல் நம்மைவிட நீளமாக விழும் காலை, மாலை வெயிலிலும் அது மிகக் குறைவே. உச்சி வெயிலில் பச்சைக் குழந்தையைக் காட்டவும் முடியாது. கர்ப்ப காலத்தில் தாய்க்கே இந்தச் சத்து குறைவு என்றால், பிள்ளையும் குறைவோடுதான் பிறக்கும்.

நாம் செய்ய வேண்டியவை:

* பிறந்த சில நாட்களிலிருந்து ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து. குழந்தைகள் நல மருத்துவர்கள் சொல்வது இதுதான். குறைமாதக் குழந்தைக்கு அளவை மருத்துவரே சொல்வார்.
* மருந்தின் அடர்த்தி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றில் 1 மில்லியில் 400 யூனிட், இன்னொன்றில் 800 யூனிட். எத்தனை மில்லி என்று கேட்டு, அந்த பாட்டிலோடு வரும் அளவுக் குழாயிலேயே கொடுங்கள்.
* பெரியவர்களுக்கான 60,000 யூனிட் பொடியைக் குழந்தைக்குத் தரவே கூடாது. அளவு மீறினால் சிறுநீரகம் கெடும்.
* ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழ், முட்டை மஞ்சள் கரு சேருங்கள்.
* கர்ப்பிணிகள் கால்சியம் மாத்திரையை வீட்டில் சும்மா வைக்காமல் சாப்பிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இரண்டு வயது வரை கால் லேசாக வளைந்திருப்பது இயல்பு. ஆனால் வளைவு கூடினால், மணிக்கட்டு வீங்கித் தடித்தால், பல் முளைப்பதும் நடப்பதும் தாமதமானால், "வளர வளர சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள். வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரிக்கெட்ஸை ஆரம்பத்திலேயே கண்டால் மருந்தாலேயே குணப்படுத்தலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில், கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் சொட்டு மருந்து கொடுக்கிறார்களா என்று கேட்போம். வாங்க முடியாத வீட்டுக்குக் குழுச் சேமிப்பிலிருந்து கைகொடுப்போம்!