துளைக்குள் போனால் போதுமா?

சென்ற வருடம் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். வீடு மாறும்போது சிறிய டீவியின் அடெப்டர் தொலைந்துவிட்டதாம். கடைப் பையன் ஒரு லெப்டொப் அடெப்டரின் முனையைக் காட்டினான். "இந்த அளவுதான்" என்று அவரும் வாங்கிச் சென்றார். மறுநாள் டீவி கருகிய வாடையோடு கடைக்கு வந்தது. டீவி கேட்டது 12 வோல்ட். நாம் கொடுத்ததோ 19 வோல்ட். சில நூறு ரூபா இலாபத்திற்காகப் புது டீவியே கொடுக்க வேண்டியதாயிற்று.

மலிவான சிறிய டீவிகள் பலவற்றில் 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுப்பது வெளியில் உள்ள இந்த அடெப்டர்தான். எனவே விற்குமுன் டீவியின் பின்புற லேபலைப் பாருங்கள்.

வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். அம்பியர் கூடினால் பாதகமில்லை, குறையவே கூடாது. 3 அம்பியர் கேட்கும் டீவிக்கு 5 அம்பியர் கொடுக்கலாம். 2 அம்பியர் கொடுத்தால் அடெப்டர் சூடேறும், டீவி அடிக்கடி நின்றுவிடும். முனையின் உட்பக்கம் நேரா மறையா என்பதும் ஒத்துப்போக வேண்டும். 5.5 மில்லிமீற்றர் முனைகளில் உள்துளை 2.1, 2.5 என இருவகை உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

வியாபார நண்பர்களே, டீவியைக் கொண்டுவர முடியாதவரிடம் லேபலைப் படமெடுத்து வரச் சொல்லுங்கள். வோல்ட், அம்பியரை பில்லிலும் எழுதிக் கொடுங்கள். எங்கள் கடையில் இப்போது இதுதான் வழக்கம்.