விதையும் நிலமும்: புற்றுநோய் மூலக்கலங்களைக் கண்டறிதல் பற்றிய ஒரு குறிப்பு

ஒரு கழலையிலுள்ள கலங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. தம்மைத் தாமே புதுப்பித்துக் கழலையை மீளவும் உருவாக்கும் ஆற்றல் அவற்றுள் ஒரு பகுதிக்கே உண்டு என்பது புற்றுநோய் மூலக்கலம் என்னுங் கருத்தின் சாரமாகும். சிகிச்சையின் பின் நோய் மீள்வதற்கு எஞ்சிநிற்கும் இக்கலங்கள் காரணமாகலாம். ஆதலின், நோயாளியிடத்து இவற்றை எவ்வாறு இனங்காண்பது என்பது முக்கிய வினாவாகின்றது.

இவ்வினா ஆய்வுகூடத்துக்கு மாத்திரம் உரியதன்று. பூநகரியிலே வயலையுங் கடலையும் நம்பி வாழும் உழைப்பாளருக்கு வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் விருந்தோம்பலின் அடையாளம் மட்டுமல்ல. களைப்பை மறக்கும் வழியுமாகும். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூல் கூறிற்று.

மூலக்கலங்களைத் தேடுவோர், கலத்தின் மேற்பரப்பிலுள்ள குறித்த புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரியுடன் ஒளிருஞ் சாயத்தை இணைத்து, கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின்முன் செலுத்திப் பிரிப்பர். சில நொதியங்களின் செயற்பாட்டை அளப்பதும் உண்டு. ஆனால் இவை அடையாளங்களே, நிரூபணம் அன்று. பிரித்த கலங்களை நோயெதிர்ப்பாற்றல் குன்றிய சுண்டெலியுட் செலுத்தி, கழலை தோன்றுகிறதா எனப் பார்ப்பதே உரைகல்லாகக் கொள்ளப்பட்டு வந்தது. ரொறன்ரோவில் ஜோன் டிக் குழுவினர் 1994இல் இம்முறையால், ஒருவகைக் குருதிப்புற்றுநோயில் ஏறக்குறைய 250,000 கலங்களுள் ஒன்றே நோயைத் தோற்றுவிக்கும் எனக் காட்டினர். வாய் உள்ளிட்ட தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் சீடி44 என்னும் புரதத்தையுடைய சிறுபகுதிக் கலங்களுக்கு இவ்வாற்றல் உண்டென 2007இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆயின், அதே புரதம் நோயற்ற வாயின் மேலணிக் கலங்களிலும் உண்டு.

2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஷோன் மொறிசன் குழுவினர் தோலிற் தோன்றும் மெலனோமாவை ஆராய்ந்தனர். வழக்கமான சோதனையிற் பத்து இலட்சத்துக்கு ஒன்றாகத் தோன்றிய கழலையாக்கும் கலம், எதிர்ப்பாற்றல் மேலும் குன்றிய சுண்டெலியில், சோதனை நிலைமைகளையும் மாற்றியபோது நான்குக்கு ஒன்றாயிற்று! அவ்வாறெனின், அளக்கப்பட்டது கலத்தின் நிலையான சாராம்சமா, கலத்துக்கும் அதன் சூழலுக்குமிடையிலான உறவா? இயக்கவியல் நோக்கினர்க்கு இவ்வினா புதிதன்று. (படைப்பாளியின் மேதைமையைச் சமூகத்தினின்றும் பிரித்துத் தேடும் நம் விமர்சகர் சிலரும் விதையை மட்டுமே எண்ணுகின்றனர்.) எல்லாப் புற்றுநோய்க்கும் மெலனோமாவின் முடிவு பொருந்துமெனக் கொள்ளல் தவறு. எனினும், நோயாளியிடத்து மூலக்கலங்களை எண்ணிச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் சோதனை இன்றும் வைத்தியசாலைகளின் வழமையாகாமைக்கு இச்சிக்கலும் ஒரு காரணமாகும்.

வாய்ப்புற்றுநோயைப் பொறுத்தவரை, மிக எளிய கண்டறிதல் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே உண்டு. ஆரம்பச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே வாய்ப்புற்றையும் அதன் முன்னிலைகளையும் இனங்காணலாம் என்பதை இலங்கையில் நடத்தப்பெற்று 1984இல் வெளியான ஆய்வு காட்டிற்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஆரம்பித்த பெரும் ஆய்வில், கண்ணாற் பார்த்துச் சோதித்ததனால் புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடை வாய்ப்புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்தது.

2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் பூநகரியாருக்கு யாழ்ப்பாணம் செல்லும் வழியைக் குறுக்கிற்று. அதற்கப்பால் தெல்லிப்பழையிற் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. ஆனால் ஒருநாட் கூலியை இழந்து அங்கு செல்வதற்கு, செல்லவேண்டுமென முதலில் ஒருவர் கூறவேண்டும். அதற்குத் தேவைப்படுவன வெளிச்சமும் பயிற்சிபெற்ற கண்ணுமே. வாயினுள் வெண்படை அல்லது செம்படை, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயைத் திறக்கவியலாத இறுக்கம் ஆகியன தேடப்படவேண்டிய குறிகள்.