சார்ட்டர் ஜெட்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

சின்ன ஜெட் ஒன்றை விமானியே வாங்கி, தானே ஓட்டி, வாடகைக்கும் விடுவது அமெரிக்காவில் பழகிய தொழில். முறையாகச் செய்தால் கௌரவமான தொழிலும்கூட. ஆனால் கணக்கு உதைக்கும்போது, பயணியின் கண்ணில் படாத செலவுகளில்தான் முதலில் கை வைக்கத் தோன்றும். ஆபத்து அங்கே தொடங்குகிறது.

பழைய ஜெட்டை வாங்கிவிடலாம்; வைத்துக் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போடுவது போல. ஹேங்கர் வாடகை, காப்பீடு, சிமுலேட்டர் பயிற்சி, கெடு தவறாமல் செய்ய வேண்டிய பராமரிப்புச் சோதனைகள் எல்லாம் விமானம் சும்மா நின்றாலும் நிற்காது. இவற்றுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 300 மணி நேரம் பறந்தால் மணிக்கு 1,000 டாலர். 100 மணி நேரமே பறந்தால் 3,000. எரிபொருளும் எஞ்சின் ஓவர்ஹாலுக்கு ஒதுக்கும் தொகையும் தனி. பயணியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினாலும் எரிபொருள் செலவாகும்.

வாடகைக்குப் பறக்க, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் 'பார்ட் 135' சான்றிதழ் வேண்டும். அதன்படி ஜெட்டை ஓட்டும் பொறுப்பு விமானிக்கு, ஏ.டி.பி. எனப்படும் உயர்நிலை விமானி உரிமம் கட்டாயம். விமானி ஒருவரே ஓட்டினால், 24 மணி நேரத்தில் 8 மணி நேரம்தான் பறக்கலாம். சொந்தப் பயணத்துக்கான 'பார்ட் 91' விதிகளில் இவ்வளவு கெடுபிடி இல்லை. அதனால் சிலர் வாடகைப் பயணத்தைச் சொந்தப் பயணம்போலக் காட்டுகிறார்கள்.

விதிகளை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2005 பிப்ரவரி 2 அன்று நியூஜெர்சியின் டீட்டர்போரோவில் ஒரு சேலஞ்சர் ஜெட் மேலெழும்பாமல் ஓடுபாதையைத் தாண்டி, நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, ஒரு கிடங்கில் போய் மோதியது. உயிரிழப்பு இல்லாதது பெரும் அதிர்ஷ்டம். எடைச் சமநிலை வரம்பை மீறி முன்பக்கம் கனத்திருந்ததே காரணம் என்றது விசாரணை. அதை இயக்கிய பிளாட்டினம் ஜெட் நிறுவனத்துக்கு உரிய சான்றிதழ் இல்லை. விலை மலிவான இடத்தில் எரிபொருளை மிதமிஞ்சி நிரப்பி, எடைக் கணக்கைத் திருத்தி லாபம் பார்த்தார்கள் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. நிறுவனர்களில் ஒருவரும் நிறுவனத்தின் தலைமை விமானியுமானவர் 2010-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

இன்னொரு தந்திரமும் உண்டு. விமானத்துக்கு ஓர் ஒப்பந்தம், விமானிக்கு வேறோர் ஒப்பந்தம் என்று உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். அதன் பிறகு பயணத்தின் சட்டப் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கலாம்.

பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு:

- சான்றிதழ் யார் பெயரில் உள்ளது? அதன் எண் என்ன?
- விமானத்தின் பதிவு எண் அந்தச் சான்றிதழில் சேர்க்கப்பட்டுள்ளதா? எஃப்.ஏ.ஏ. இணையதளப் பட்டியலில் நீங்களே சரிபார்க்கலாம்.
- பில்லில் 7.5 சதவீதக் கூட்டாட்சி வரி உள்ளதா? உள்நாட்டு சார்ட்டரில் பொதுவாக இருக்கும். இல்லாவிட்டால் காரணம் கேளுங்கள்.
- காப்பீடு வாடகைப் பயணத்துக்கும் செல்லுமா?

சந்தேகம் வந்தால் எஃப்.ஏ.ஏ.வின் வட்டார அலுவலகத்தில் புகார் செய்யலாம். கூலிக்கு ஓட்ட அழைக்கப்படும் விமானிகளும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். முறைகேடு வெளிப்பட்டால் அவர்களுடைய உரிமமே பறிபோகலாம்.

இந்தியாவில் சார்ட்டர் எடுப்பவர்கள், விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. வழங்கும் 'நான் ஷெட்யூல்டு ஆபரேட்டர் பெர்மிட்' உள்ளதா என்று பார்க்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான விமானத்தைக் கட்டணத்துக்கு ஓட்டக் கூடாது.

முறையாக நடத்துபவர் இந்தக் காகிதங்களைத் தயங்காமல் காட்டுவார். மழுப்புபவர் பாதி விலை சொன்னாலும் அந்த விமானத்தில் ஏறாதீர்கள்.