குளத்து மீனுக்குப் பச்சை மருந்து வேண்டாம்

நமது தோட்டத்துக் குளங்களில் விட்ட மீனின் உடம்பில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாகப் படர்ந்திருப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அது பூஞ்சணம். வலையில் அடிபட்டுச் செதில் கழன்ற மீனை, மலைநாட்டுக் குளிர்த் தண்ணீரில் இது சீக்கிரம் பிடிக்கும்.

கண்ணாடித் தொட்டி மீன் விற்கும் கடையில் கேட்டால், பச்சை நிற மருந்தொன்றைக் கொடுப்பார்கள். மலக்கைட் கிறீன் என்பது அதன் பெயர். உண்மையில் அது துணிக்குப் போடும் சாயம். பூஞ்சணத்தை நன்றாகவே கொல்லும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாம் வளர்ப்பது அழகு பார்க்கவா? பிள்ளைகளுக்குக் கறியாக்கத்தானே! இந்தச் சாயம் மீனின் சதையில் வேறு உருவில் நீண்ட நாள் தங்கிவிடும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் முழுதாகப் போகாது. அந்த உருவை ஊட்டிச் சோதித்தபோது பெண் சுண்டெலிகளின் ஈரலில் கட்டிகள் வந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உண்ணும் மீனுக்கு இதைப் போட அனுமதியில்லை. 2005இல் ஹொங்கொங்கில், சீனாவிலிருந்து வந்த விலாங்கு மீனில் இது இருக்கக் கண்டு பெரிய பரபரப்பே ஏற்பட்டது.

அப்போ என்ன செய்யலாம்? அடுப்படியில் இருக்கிற உப்புத்தான். பிளாஸ்டிக் வாளியில் 10 லீட்டர் குளத்துத் தண்ணீர் எடுத்து, 100 கிராம் உப்பை நன்றாகக் கரையுங்கள். கடைத் தராசில் ஒருதரம் நிறுத்து, எந்தக் கோப்பைக்குச் சரியாக வருகிறது என்று பார்த்து வைத்தால் பிறகு கஷ்டமில்லை. ஒரேயடியாக நிறைய மீனைப் போட்டு அடைக்காமல், சில மீன்களாக 10 நிமிடம் விடுங்கள். பெரிய மீனானால் 20 நிமிடம் தாங்கும். பக்கத்திலேயே நின்று பாருங்க. மீன் ஒருபக்கம் சாய்ந்தால் நேரம் பார்க்க வேண்டாம், உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். புதிதாக வரும் குஞ்சுகளையும், வந்த களைப்பு தீர்ந்த பிறகு, இப்படி ஒருதரம் குளிப்பாட்டி விடுவது நல்லது.

செத்த மீனை அன்றன்றே எடுத்துத் தூரத்தில் புதையுங்கள். தவிடு, சோறு மிஞ்சி அழுகவும் விடக்கூடாது.

உடம்பில் சிவந்த புண், வயிறு வீக்கம் கண்டால் உப்பு போதாது. அதற்காக ஆஸ்பத்திரியில் நமக்குத் தந்த கெப்சூலை உடைத்துத் தீனியில் கலக்கவே கூடாது. நோயுள்ள மீனோடு, தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரிடம் காட்டிக் கேளுங்கள்.

மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் குளத்திலோ தேயிலைத் தூரிலோ கொட்ட வேண்டாம்.