தலைமாட்டுப் பொத்தானின் பாட்டரி ஏன் சீக்கிரம் தீர்வதில்லை?

நள்ளிரவில் மூச்சுத் திணறிய முதியவர் கட்டிலோரத்துப் பொத்தானை அழுத்திய க்ஷணமே வீட்டு விளக்குகளெல்லாம் எரிந்து, அடுத்த அறையில் மணியும் ஒலிக்கிறதே. அந்தப் பொத்தானுக்குள் இருக்கும், காசளவே ஆன 3 வோல்ட் பாட்டரி வருஷக்கணக்கில் உழைப்பது எப்படி?

திண்ணையில் உறங்கிக் கிடந்து, தட்டி எழுப்பினால் மட்டும் ஒரு குரல் கொடுத்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளும் காவற்காரனை எண்ணிப் பாருங்கள். பொத்தானின் சுபாவமும் அதுவே.

ஜிக்பீ என்னும் கம்பியில்லாத் தொடர்பு வகைப் பொத்தானானால், விரல் அழுத்தியதும் விழித்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் சின்னஞ்சிறு செய்தியொன்றை அனுப்பி, ‘கிடைத்தது’ என்ற பதில் வந்தவுடன் நித்திரையில் ஆழ்ந்துவிடும்.

அப்படியானால் விளக்கேற்றுவது யார்? மின்சாரத்தின் தயவில் எந்நேரமும் விழித்திருக்கும் ஹப் என்னும் மையக் கருவிதான். மின்சாரம் நின்றால் பொத்தான் கூவினாலும் கேட்பாரில்லை. ஆகையால் ஹப்புக்கும் மணிக்கும் யூபிஎஸ் இணைப்பு அவசியம். மாதம் ஒருமுறை அழுத்திச் சோதிப்பதும் அவசியம்.